முதல் கம்ப்யூட்டருக்கு எந்த ராம்? கேட்டவையும் சொன்னவையும்

கோவை, கல்லூரி மாணவர்: அண்ணா, ரைசன் 5 7600 பிராசஸரும் பி650 மதர்போர்டும் வாங்கிவிட்டேன். வீட்டில் பழைய டிடிஆர்4 ராம் இரண்டு சும்மா கிடக்கிறது. அதையே போட்டுக்கொள்ளலாமா?

முடியாது தம்பி. உங்கள் பிராசஸர் உட்காரும் ஏஎம்5 வகை போர்டு எதுவானாலும், டிடிஆர்4-க்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5 மட்டும்தான். இரண்டுக்கும் 288 பின், நீளமும் ஒன்றுதான், அதனால்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அடியில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும். உட்காரவில்லை என்று அழுத்தினால் ஸ்லாட்தான் போகும். பழையதை விற்றுவிடுங்கள்.

இன்டெல் 12, 13, 14-ம் தலைமுறை பிராசஸர் வாங்குகிறவர்களும் இதைக் கவனியுங்கள். ஒரே சிப்செட்டில் (போர்டின் முக்கியச் சில்லு) டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. போர்டின் முழுப் பெயரையும் படித்த பிறகு ராம் வாங்குங்கள்.

திருச்சி: 6000 சிஎல்30, 6000 சிஎல்36, 7200 சிஎல்34 மூன்றும் பார்த்தேன். ரைசன் 7600-க்கு எது? பெரிய எண்தானே நல்லது?

இல்லை. முன்னால் இருக்கும் 6000, 7200 என்பது வேகம், சிஎல் என்பது தாமத எண். சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்துப் பாருங்கள், கேட்ட தரவின் முதல் துண்டு வர எத்தனை நானோசெகண்ட் ஆகும் என்பது கிடைக்கும். 6000 சிஎல்30 என்றால் 10. சிஎல்36 என்றால் 12. பழைய டிடிஆர்4 3200 சிஎல்16-க்கும் அதே 10-தான் வரும். 7200 சிஎல்34-க்கு ஒன்பதரைக்குக் கொஞ்சம் கீழே வரும், கணக்கில் அதுதான் முந்துகிறது, ஆனால் ரைசனில் ராமும் பிராசஸருக்குள் அதை நடத்தும் கன்ட்ரோலரும் ஒரே வேகத்தில் ஓடுவது ஏறக்குறைய 6000, 6400 வரைதான், அதற்கு மேல் போனால் கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும், கூடுதலாகக் கொடுத்த காசுக்குப் பலன் இல்லை. எக்ஸ்போ (ஏஎம்டிக்காக ராமில் பதித்து வைத்த வேக அமைப்பு) என்று போட்டிருக்கும் 6000 சிஎல்30, 16 ஜிபி இரண்டு, ஒரே பெட்டியில். அதையே வாங்குங்கள்.

மதுரை: 6000 ராம் வாங்கினேன், டாஸ்க் மேனேஜரில் 4800 காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

ஏமாற்றவில்லை. பெட்டியில் இருக்கும் வேகம் தானாக வராது. பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் போர்டின் செட்டிங் திரை) போய் எக்ஸ்போவை, இன்டெல் என்றால் அதே வேலை செய்யும் எக்ஸ்எம்பியை, ஆன் செய்யுங்கள்.

சேலம்: இப்போதைக்கு 8 ஜிபி இரண்டு போட்டுவிட்டு, அடுத்த வருடம் அதே மாடல் இன்னும் இரண்டு வாங்கிப் போடலாம் என்றிருக்கிறேன். போர்டு டிடிஆர்5.

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். அதே மாடல் எண்ணிலேயே இந்த முறை ஹைனிக்ஸ் கம்பெனி சில்லு இருக்கும், அடுத்த முறை மைக்ரான் கம்பெனி சில்லு இருக்கும். ஒரே பெட்டியில் வருபவை மட்டும்தான் சேர்த்துச் சோதிக்கப்பட்டவை.

ஈரோடு: சும்மா பயமுறுத்தாதீர்கள் சார். நான் நான்கு வருடமாக நான்கு ராம் ஸ்டிக் ஓட்டுகிறேன், இரண்டு வேறு கம்பெனி, 3200, ஒரு பிரச்சினையும் இல்லை.

உங்களுடையது டிடிஆர்4. அதில் நீங்கள் சொல்வது சரி, நானும் ஓட்டியிருக்கிறேன். டிடிஆர்5-ல் வேகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, ஒரு சேனலில் (பிராசஸருக்குப் போகும் பாதை) இரண்டு ஸ்டிக் தொங்கினால் சிக்னல் கலங்கிவிடுகிறது. ரைசன் 7000-க்கு இரண்டு ஸ்டிக் என்றால் 5200 என்று சொல்லும் ஏஎம்டியே நான்கு என்றால் 3600 என்றுதான் சொல்கிறது.

நண்பர் ஒருவர் ஏழு மாத இடைவெளியில் இரண்டு ஜோடி வாங்கினார், ஒரே மாடல், ஸ்டிக்கர்கூட ஒன்றுதான். விண்டோஸ் நன்றாகவே வந்தது, வீடியோ எக்ஸ்போர்ட் மட்டும் பாதியில் நின்றது. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டினோம், நாற்பதாவது நிமிடத்தில் பிழை காட்டும் சிவப்பு வரி வர ஆரம்பித்தது. எந்த ஜோடியைத் தனியாகப் போட்டாலும் சுத்தம். சேர்த்தால் பிழை. அதற்குள் இரண்டு வாரம் அவர் சேமித்த கோப்புகளில் எதை நம்புவது என்று தெரியாமல் போனதுதான் பெரிய இழப்பு.

ஈரோடு: அப்படியானால் நான்கு ஸ்லாட் எதற்கு வைக்கிறார்கள்?

வேகம் குறைந்தாலும் பரவாயில்லை, 128 ஜிபி, 192 ஜிபி வேண்டும் என்பவர்களுக்கு. முதல் கம்ப்யூட்டர் கட்டுகிறவருக்கு அந்தத் தேவை இல்லை. சேலம் நண்பரே, காசு இப்போது இல்லை என்றால் இரண்டு மாதம் பொறுத்து 16 ஜிபி இரண்டாகவே வாங்குங்கள்.

சென்னை: ரிச்சி தெருவில் சர்வர் ராம் பாதி விலைக்குக் கிடைக்கிறது. என் டிடிஆர்4 போர்டில் ஸ்லாட்டில் உட்காருகிறது, படம் வரவில்லை.

வராது. அது ரெஜிஸ்டர்டு ராம், நடுவில் தனியாக ஒரு சில்லு இருக்கும் பாருங்கள். வீட்டு போர்டுகளுக்கு அது ஆகாது. உடனே திருப்பிக் கொடுங்கள்.

வேலூர்: லேப்டாப் ராம் டெஸ்க்டாப்பில் போடலாமா?

நீளமே பாதிதான், ஸ்லாட்டில் உட்காராது.

நெல்லை: 5600 வாங்கினேன், 4800 காட்டுகிறது.

மதுரைக்காரருக்குச் சொன்னதுதான். பயாஸ், எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ.

தஞ்சை: எந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாம்?

கார்டு பற்றி நன்றாகத் தெரிந்தவரிடம் கேளுங்கள், நான் ராம் மட்டும்தான்.

கரூர்: அண்ணா, என்னுடைய 6000-ம் 4800-தான் காட்டுகிறது...

பயாஸ். எக்ஸ்போ. இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

கோவை, அதே மாணவர்: அண்ணா, டிடிஆர்5 வாங்கிப் போட்டுவிட்டேன். ஃபேன் சுற்றுகிறது, போர்டில் ராமுக்கான டிராம் விளக்கு மஞ்சளாக எரிகிறது, ஐந்து நிமிடமாகத் திரை கறுப்பாகவே இருக்கிறது. போர்டு போய்விட்டதா?

பதறாதே. ஸ்விட்சைத் தொடாதே. முதல் முறை போர்டு ராமைப் பழக்கிக்கொள்ளும், ஏஎம்5-ல் அதற்குப் பல நிமிடம் ஆகும், நடுவில் தானாகவே ரீஸ்டார்ட்கூட ஆகலாம். கால் மணி நேரம் கழித்தும் அப்படியே இருந்தால் பவரை நிறுத்திவிட்டு, பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில்தான் போட்டிருக்கிறாயா என்று பார். கழற்றி மறுபடி அழுத்து, கிளிப் டக்கென்று மூடும் சத்தம் கேட்க வேண்டும். அப்போதும் வரவில்லை என்றால் இரண்டாவது ஸ்லாட்டில் ஒன்றை மட்டும் வைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல். நான் இங்கேதான் இருக்கிறேன்.