புத்தக வாசனையும் பதினேழாயிரம் ரூபாயும்

கேள்வி: செங்கல்பட்டிலிருந்து சென்னை கடற்கரைக்குத் தினமும் மின்சார ரயிலில் வேலைக்குப் போய் வருகிறேன். படிக்கக் கிடைக்கும் நேரமே அதுதான். மொபைலில் பிடிஎஃப் ஏற்றிப் படித்துக் கண் எரிகிறது. மின்னூல் படிக்கும் கருவியான கிண்டில் வாங்கலாம் என்றால், "புத்தக வாசனை வருமா? தூக்கம் கெடும், படித்தது மனத்தில் நிற்காது" என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். கிண்டிலா, அச்சுப் புத்தகமா?
— ஒரு வாசகர், செங்கல்பட்டு

பதில்: அச்சுப் பத்திரிகை நடத்துபவனிடம் கேட்டிருக்கிறீர்கள். இவன் காகிதத்துக்குத்தான் சாட்சி சொல்வான் என்று உங்கள் நண்பர்கள் நினைத்திருப்பார்கள். அவர்களைக் கொஞ்சம் ஏமாற்ற வேண்டியிருக்கிறது.

வாசனையை முதலில் தள்ளிவிடுவோம். புதுப் புத்தகத்தில் வருவது மை வாசனையும் பசை வாசனையும். பழைய புத்தகத்தில் வருவது காகிதம் மக்கும் வாடை. மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருள் சிதையும்போது வெனிலின் உண்டாகிறது. ஐஸ்கிரீமில் மணப்பதும் அதே பொருள்தான். முகர்ந்து இன்புறுபவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாசனையைப் பற்றி அதிகம் பேசுகிறவர், கடைசியாக எந்தப் புத்தகத்தை முடித்தார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

தூக்கம் கெடும் என்ற பயத்துக்குப் பெரும்பாலும் மூலம், 2014 கடைசியில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. படுக்கும் முன் மின்திரையில் படித்தவர்களுக்குத் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பு குறைந்தது, தூக்கம் வரத் தாமதமானது என்று அதில் தெரிந்தது. 'இ-ரீடர், அதாவது மின்னூல் கருவி, தூக்கத்தைக் கெடுக்கும்' என்று செய்தி பரவியது. ஆய்வில் கையில் கொடுத்த கருவி எது தெரியுமா? ஐபேட். அதுவும் முழு வெளிச்சத்தில், படுக்கைக்கு முன் நான்கு மணி நேரம், பன்னிரண்டே பேரிடம். ஐபேடும் உங்கள் மொபைலும் கண்ணை நோக்கி ஒளி வீசுபவை. கிண்டிலில் இருப்பது இ-இங்க் திரை. தலைமுடிப் பருமனுள்ள குமிழ்களுக்குள் கறுப்பும் வெள்ளையுமாக நிறத் துகள்கள் மிதக்கின்றன. மின்னூட்டத்துக்கு ஏற்ப ஒரு நிறம் மேலே வரும். வந்துவிட்டால் மின்சாரமே இல்லாமல் அப்படியே நிற்கும். ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் ஓடுவது இதனால்தான். அதிலுள்ள விளக்கும் ஓரத்திலிருந்து எழுத்தின் மேல் விழுகிறதே தவிர, பின்னாலிருந்து கண்ணில் அடிப்பதில்லை. ஜன்னலோர வெயிலில் மொபைல் முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும்; இ-இங்க் இன்னும் பளிச்சென்று தெரியும். அதற்குப் பிறகும் கண் எரிந்தால் கண் மருத்துவரைப் பாருங்கள், பத்திரிகை ஆசிரியரை அல்ல.

மனத்தில் நிற்காது என்பதில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது. 2000 முதல் 2017 வரை நடந்த 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு ஒன்று 2018-இல் வந்தது. தகவல் நிறைந்த பாடங்களைக் காகிதத்தில் படித்தவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அவசரமாகப் படிக்க வேண்டியிருந்தால் வித்தியாசம் இன்னும் கூடியது. கதைகளில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே டிஎன்பிஎஸ்சிக்குத் தயாராகிறவர் காகிதத்தில் படிக்கட்டும். ரயிலில் நாவல் படிப்பவருக்கு இந்தக் கவலை வேண்டாம்.

சரி, உங்கள் நண்பர்கள் கேட்க வேண்டியதைக் கேட்கவே இல்லை: அதில் எதைப் படிக்கப் போகிறீர்கள்?

மொபைலில் இருக்கும் அதே பிடிஎஃப்களையா? (அவற்றை டெலிகிராமில் போட்டது யார் என்று நான் விசாரிக்கவில்லை. பதில் எழுத்தாளருக்கும் பிடிக்காது, உங்களுக்கும் பிடிக்காது.) தமிழில் சுற்றும் பிடிஎஃப்களில் பாதிக்குமேல் ஸ்கேன் செய்த படங்கள். கையகலத் திரையில் ஒரு முழுப்பக்கம் வந்து உட்கார்ந்தால் எழுத்து எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். படம் என்பதால் எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. பக்கத்தை இழுத்து இழுத்துத்தான் படிக்க வேண்டும். யூனிகோடு என்ற பொதுக் குறியீடு வருவதற்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு என்றால் இன்னும் மோசம். வடிவம் மாற்றினால் தமிழ் போய்க் கிறுக்கல் வந்து நிற்கும். உங்களுக்கு வேண்டியது எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கக்கூடிய மின்னூல் வடிவமான இ-பப் கோப்பு. ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் இலவசமாக, எழுத்தாளர் அனுமதியோடு கிடைக்கிறது. தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தர 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் நாட்டுடைமையான எழுத்தாளர்கள் வரை இருக்கிறார்கள். அமேசானும் 2016 டிசம்பரிலிருந்து தமிழ் மின்னூல்களை விற்கிறது. அங்கே ஒரு எச்சரிக்கை: நாட்டுடைமை நூலை யார் வேண்டுமானாலும் ஏற்றி விற்கலாம், மெய்ப்புப் பார்க்காமலும் விற்கலாம். மாதிரிப் பக்கங்களை இறக்கிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். இன்று எழுதிக்கொண்டிருக்கும் பலருடைய நல்ல புத்தகங்கள் மின்னூலாக வருவதே இல்லை. அவற்றுக்கு ஜனவரியில் புத்தகக் காட்சிக்குத்தான் போக வேண்டும்.

இன்னொன்று, மின்னூலை நீங்கள் 'வாங்குவதில்லை'. படிக்க உரிமம் பெறுகிறீர்கள், அவ்வளவுதான். 2009 ஜூலையில், விற்றவருக்குப் பதிப்புரிமை இல்லை என்று தெரிந்ததும், ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை வாசகர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் அழித்தது. பணம் திரும்ப வந்தது, அப்போதைய அமேசான் தலைவர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். ஆனால் வீட்டு அலமாரிக்குள் கடைக்காரர் கைவிட்டு எடுத்துப் போனது போனதுதானே? வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் 2025 பிப்ரவரி 26 அன்று எடுத்துவிட்டார்கள். ஆகவே ஒருமுறை படித்துவிட்டு விடுவதைக் கிண்டிலில் படியுங்கள். திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியதை, பிள்ளைகள் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நினைப்பதை, அச்சில் வாங்குங்கள். அச்சுப் புத்தகத்துக்கும் ஆபத்து உண்டு: ராமபாணப் பூச்சி, கறையான், அப்புறம் இரவல் கேட்கும் நண்பர். மூன்றாமவர்தான் கொடியவர். கிண்டிலில் அந்தத் தொல்லை இல்லை. வாட்ஸ்அப் தொல்லையும் இல்லை. தாம்பரம் தாண்டும் வரை தலை நிமிராமல் படிக்கலாம். எனக்குத் தெரிந்து அந்தக் கருவியின் பெரிய வசதி அதுதான்.

கடைசியாகக் கணக்கு. கிண்டில் பேப்பர்ஒயிட் என்ற மாடல் 2025-இல் இங்கே வந்தபோது 16,999 ரூபாய். ஒரு தமிழ் நாவல் முந்நூறு, முந்நூற்றைம்பது என்று வைத்தால் ஐம்பது புத்தகம். ஆங்கில நாவல்களும் தடித்தடியான பழைய தொடர்கதைகளும் நிறையப் படிப்பவர் என்றால் இரண்டு வருடத்தில் காசு திரும்பிவிடும். தற்காலத் தமிழ் மட்டும்தான் படிப்பேன் என்றால் திரும்பாது. அப்படிப்பட்டவர் முதலில் உள்ளூர் நூலகத்துக்குப் போகலாம். சொந்த வீடு இருந்தால் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி என்று வருடா வருடம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ரசீதை எடுத்துப் பாருங்கள்.

எதுவானாலும், கிண்டில் வைத்திருக்கும் ஒருவரிடம் ஒரு வாரத்துக்கு அதை இரவல் வாங்கி, உங்களிடம் உள்ள கோப்புகளையே ஏற்றி, நின்றுகொண்டே ஒரு கையால் படித்துப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.