‘அருகில்’ என்றால் எத்தனை கிலோமீட்டர்? சூலு போர்க்களப் பக்கம் தங்கப் போகிறவர்களுக்கு

கேள்வி: ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஜூலையில் போகிறோம். சூலு மக்கள் பிரிட்டிஷ் படையோடு மோதிய போர்க்களங்களைப் பார்க்க வேண்டும் என்று என் கணவருக்கு நெடுநாள் ஆசை. எனக்கோ யானையும் சிங்கமும் பார்க்க வேண்டும். ‘வரலாற்றுப் புகழ்பெற்ற போர்க்களங்களுக்கும் வனவிலங்குகளுக்கும் அருகில்’ என்று ஒரு கிராமப்புற லாட்ஜ் விளம்பரம் செய்திருக்கிறது. அங்கே மூன்று இரவு தங்கினால் இரண்டு ஆசையும் நிறைவேறுமா? (கோவை வாசகி)

பதில்: உங்கள் கணவர் ஆசை நிறைவேறும். உங்கள் ஆசை நிறைவேறுமா என்பது அந்த ‘அருகில்’ என்ற சொல்லைப் பொறுத்தது. பணம் கட்டுவதற்கு முன் அதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

லாட்ஜ் என்றதும் நம் ஊர் பஸ் ஸ்டாண்ட் லாட்ஜை நினைக்காதீர்கள். அங்கே அது பண்ணையோ காடோ சூழ்ந்த விடுதி. கூரை வேய்ந்த தனித்தனி அறைகள், சாப்பாடு அங்கேயே. குவாசூலு-நட்டால் மாகாணத்தில் டண்டி ஊரைச் சுற்றி இப்படிப் பல இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றின் நிலத்தில் வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, இம்பாலா, குடு மான்கள் மேயும். சிங்கம், யானை இருக்காது. அதனால்தான் அங்கே நீங்கள் பாட்டுக்குக் காலையில் நடந்து போய் ஒட்டகச்சிவிங்கியைப் பார்க்க முடிகிறது. விளம்பரத்தில் ‘வனவிலங்கு’ என்று எழுதியதில் பொய் இல்லை. நாம்தான் அதைச் சிங்கம் என்று படித்துக்கொள்கிறோம்.

சிங்கம் வேண்டுமானால் இரண்டு வழி. எலாண்ட்ஸ்லாக்டே, லேடிஸ்மித் பக்கம் இருக்கும் நம்பிட்டி தனியார் காப்பகம் ஒன்று. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை ஐந்தும் உண்டு. டண்டியிலிருந்து சுமார் ஒரு மணி நேரப் பயணம். இன்னொன்று ஷ்லுஷ்லுவே-இம்ஃபோலோசி. 1895-இல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு. அழிந்துபோக இருந்த வெள்ளைக் காண்டாமிருகத்தைக் காப்பாற்றிய இடம். ஆனால் டண்டியிலிருந்து மூன்று நான்கு மணி நேரமாவது ஆகும். அன்றைக்கே போய்த் திரும்ப நினைக்காதீர்கள். உங்களிடம் இருப்பது மூன்று இரவுதான் என்றால் போர்க்களப் பக்கம் இரண்டு, நம்பிட்டியில் ஒன்று என்று பிரித்துவிடுங்கள்.

இப்போது போர்க்களம். நான் இசாண்டல்வானா போர்க்களத்துக்கு முதல் தடவை போனபோது, காசை மிச்சம் பிடிக்க வழிகாட்டியை வேண்டாம் என்றுவிட்டேன். ‘அருகில்’ என்று சொன்ன லாட்ஜிலிருந்து 90 கிலோமீட்டர், அதில் பாதி சரளைச் சாலை. போய் இறங்கினால் ஒரு குன்று, புல்வெளி, அங்கங்கே வெள்ளையடித்த கற்குவியல்கள். அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டேன். இரண்டாம் தடவை உள்ளூர் சூலு வழிகாட்டி ஒருவரோடு போனேன். அந்தக் கற்குவியல்கள் இறந்த படைவீரர்களைப் புதைத்த இடங்கள் என்று அவர் சொன்ன பிறகு, அவை எங்கெங்கே நெருங்கி நிற்கின்றன, எங்கே சிதறி ஓடுகின்றன என்று கண் தானாகத் தேடியது. ஓடியவர்கள் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்பதைக் கற்களே காட்டின.

அங்கே நடந்தது இதுதான். 1879 ஜனவரி 22. சூலு மன்னர் செட்ச்வாயோவின் நாட்டுக்குள் புகுந்த பிரிட்டிஷ் படையின் தளபதி செம்ஸ்ஃபோர்டு, விடியுமுன் படையில் ஏறக்குறையப் பாதியைக் கூட்டிக்கொண்டு முகாமை விட்டுப் போய்விட்டார். சுமார் 20,000 சூலு வீரர்கள் எருமைக் கொம்பு வடிவில் வளைத்து முகாமை அழித்தார்கள். பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் 1,300-க்கும் மேல். சூலு தரப்பிலும் ஆயிரத்துக்குக் குறையாது. சண்டைக்கு நடுவே சூரிய கிரகணம் வேறு. இறந்த சூலு வீரர்களுக்கு 1999-இல்தான் நினைவுச் சின்னம் வைத்தார்கள்: வீரத்துக்குப் பரிசாக அணிவிக்கும் கழுத்துமாலை, வெண்கலத்தில். அதன் முன் வழிகாட்டி சற்று நேரம் பேசாமல் நின்றார். நானும் நின்றேன்.

போர் நடந்த அதே நாள் பிற்பகலே, பக்கத்தில் ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற சிறு பிரிட்டிஷ் முகாமில் அடுத்த சண்டை. பிரிட்டிஷ் தரப்பில் சுமார் 150 பேர் மக்காச்சோள மூட்டைகளையும் பிஸ்கட் பெட்டிகளையும் அடுக்கி, 3,000-க்கும் மேற்பட்ட சூலு வீரர்களை மறுநாள் விடியும்வரை தடுத்தார்கள். போர்க்கள வீரத்துக்கான தன் உயரிய விருதான விக்டோரியா சிலுவையை பிரிட்டன் 11 பேருக்குக் கொடுத்தது இதற்குத்தான். மூட்டைச் சுவர் நின்ற கோட்டைத் தரையில் கல் பதித்துக் காட்டியிருக்கிறார்கள். சில நிமிடத்தில் நடந்து முடித்துவிடலாம், அவ்வளவு சின்ன இடம்.

ஆகவே அங்கே நீங்கள் காசு கொடுப்பது அறைக்கு அல்ல, வழிகாட்டிக்கு. அறை கொஞ்சம் எளிமையாக இருந்தாலும் பரவாயில்லை, பதிவு பெற்ற நல்ல வழிகாட்டி இருக்கும் லாட்ஜைப் பிடியுங்கள். சூலுத் தரப்புக் கதையையும் சொல்வாரா என்று மறக்காமல் கேளுங்கள்.

ஜூலை அங்கே குளிர்காலம். புல் காய்ந்திருப்பதால் விலங்கு நன்றாகத் தெரியும். விடியற்காலைத் திறந்த ஜீப்பில் ஸ்வெட்டர் மட்டும் போதாது. பள்ளி விடுமுறையும் அப்போது வருவதால் சீக்கிரம் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: இணையத்தில் பார்த்த விலையைவிட லாட்ஜ் அனுப்பிய பில் இரண்டு மடங்குக்கும் மேல். ஏமாற்றுகிறார்களா? (திருச்சி வாசகர்)

பதில்: நீங்கள் அனுப்பிய பில்லைப் பார்த்தேன். ஏமாற்று இல்லை. நம் ஊரில் விலை அறைக்கு; தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலும் ஆளுக்கு. ‘இருவர் பகிர்ந்தால் ஒருவருக்கு’ என்று சின்ன எழுத்தில் இருக்கும். தம்பதி என்றால் இரண்டால் பெருக்க வேண்டும். தனியாகப் போகிறவருக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. அதற்குமேல் ஏறியிருப்பது போர்க்களச் சுற்றுலா. அது தனிக் கணக்கு, நுழைவுச் சீட்டும் தனி.

அதனால் மின்னஞ்சலில் இதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: இருவருக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு, எத்தனை வேளைச் சாப்பாடு, ஜீப் சவாரி அதில் சேர்ந்ததா, காப்பகக் கட்டணம் வேறு உண்டா. சைவம் என்றால் ‘இறைச்சி, மீன், முட்டை கூடாது’ என்று பிரித்து எழுதுங்கள். பக்கத்தில் வேறு ஹோட்டல் கிடையாது. கார்டில் கட்டும்போது ரூபாயா, அந்த நாட்டு நாணயமான ராண்டா என்று மெஷின் கேட்டால் ராண்டையே தேர்ந்தெடுங்கள். ரூபாயை அமுக்கினால் அவர்கள் வைத்த மாற்று விகிதம்தான்.

வாடகைக் கார் எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகச் சேதம் காப்பீட்டில் சேருமா என்று பாருங்கள். பல ஒப்பந்தங்களில் சேராது, அங்கே அடிபடுவதே அவைதான். டண்டியிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொண்டு, இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். மாடும் ஆடும் சாலையில்தான் நிற்கும்.

கேள்வி: கிளம்ப எட்டு நாள் இருக்கும்போது அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன். ரத்து செய்தால் முழுப் பணமும் போச்சு என்கிறது லாட்ஜ். (மதுரை வாசகர்)

பதில்: முதலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 17-ஆவது பிரிவைப் படிக்கும்படி லாட்ஜிடம் சொல்லுங்கள். முன்பதிவு யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர் இறந்தாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலோ, ரத்துக் கட்டணம் வாங்கக் கூடாது. மற்ற காரணங்களுக்கும் நியாயமான கட்டணம்தான் பிடிக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியை இணைத்து, பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். உங்கள் ஊர் ஏஜென்ட் வழியாகக் கட்டியிருந்தால் நம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம்.

கேள்வி: அந்தப் பக்கம் நம் ஆட்களின் சுவடு ஏதாவது உண்டா? (சென்னை வாசகி)

பதில்: நிறைய உண்டு, ஆனால் கேட்டால்தான் காட்டுவார்கள். 1860-இல் மதராஸிலிருந்து டர்பனுக்குப் போன முதல் கப்பலிலேயே தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போய்விட்டார்கள். பிரிட்டிஷாருக்கும் டச்சு வழிவந்த போயர்களுக்கும் நடந்த போரில், 1900 ஜனவரி ஸ்பியான்கோப் மலைச் சண்டையின்போது, காந்தியோடு சேர்ந்து காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர். பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகள். 1913-இல் ஜோகன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள்தான், டண்டி பக்கத்து நியூகாசில் ஊரின் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். அந்தப் போராட்டத்தில்தான் டண்டி நீதிமன்றம் காந்திக்கு ஒன்பது மாதத் தண்டனை கொடுத்தது. வழிகாட்டியிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கேள்வி: போர்க்களத்தில் கிடைத்த பழைய தோட்டா, பொத்தான் வாங்கி வரலாமா? (அதே வாசகி)

பதில்: கூடாது. கீழே கிடந்தாலும் எடுக்கக் கூடாது; அந்த நாட்டுத் தொல்பொருள் சட்டப்படி குற்றம். ரோர்க்ஸ் டிரிஃப்டிலேயே 1960-களிலிருந்து கைவினை மையம் ஒன்று இருக்கிறது. கையால் நெய்த விரிப்பு, மண்பாண்டம், அச்சு ஓவியம் எல்லாம் கிடைக்கும். சின்ன விரிப்பு ஒன்று பெட்டியில் அடங்கும்.