பழைய சிறுகதைகள் நம்மை எப்படிப் பயமுறுத்துகின்றன?

நூறு, நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய கதைகள் இன்றைக்கும் கிலியைக் கிளப்புகின்றனவே, அந்த எழுத்தாளர்கள் அப்படி என்னதான் செய்தார்கள் என்பது கேள்வி. வழக்கமாக வரும் பதில், விஷயத்தைக் கடைசிவரை மறைத்து வைப்பார்கள் என்பது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான் திரும்பத் திரும்பப் படிக்கும் திகில் கதைகளில் முக்கியமான தகவல் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. அதை நம் கையில் கொடுத்துவிட்டு, நடக்கும்வரை காக்க வைக்கிறார்கள். அந்தக் காத்திருப்பில்தான் பயம் ஊறுகிறது.

முடிவுகளைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. கீழே வரும் கதைகளைப் படிக்காதவர்கள் முதலில் படித்துவிட்டு வருவது நல்லது. எல்லாமே சின்னக் கதைகள்தான்.

எட்கர் ஆலன் போ 1843இல் வெளியிட்ட 'தி டெல்-டேல் ஹார்ட்' கதையை எடுத்துக்கொள்வோம். கதை சொல்பவன் இரண்டாவது பத்தியிலேயே கிழவரைக் கொல்ல முடிவெடுத்ததைச் சொல்லிவிடுகிறான். பணத்துக்காக இல்லை, பகை இல்லை, அவருடைய ஒரு கண் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். யார் கொன்றது, ஏன் கொன்றது என்ற இரண்டு மர்மமும் அங்கேயே தீர்ந்துபோகிறது. அப்புறம் மிச்சம் என்ன? நேரம் மட்டும்தான். போ அதைப் பிடித்து இழுக்கிறார். ஏழு இரவு, நள்ளிரவில் கதவைத் திறக்கிறான். தலையை மட்டும் உள்ளே நுழைக்கவே ஒரு மணி நேரம். மூடிய விளக்கைத் துளி திறந்து, ஒற்றைக் கீற்று வெளிச்சத்தை அந்தக் கண்மேல் விழவிடுகிறான். கண் மூடியிருக்கிறது. மூடிய கண்மேல் அவனுக்குக் கோபம் வராது, அதனால் கொல்ல முடியவில்லை. எட்டாம் இரவு விளக்கின் தகரப் பிடியில் விரல் வழுக்குகிறது. கிழவர் எழுந்து உட்கார்ந்து "யாரது?" என்கிறார்.

இந்த இடத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். முழுதாக ஒரு மணி நேரம் அவனும் அசையவில்லை, அவரும் படுக்கவில்லை. கும்மிருட்டில் இரண்டு பேர் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு இருக்கிறார்கள். நம் பயம் கிழவருக்காக, ஆனால் நாம் நிற்பதோ கொலைகாரன் பக்கத்தில், அவன் கண் வழியாக. இந்த முரண்தான் உடம்பை என்னவோ செய்கிறது. பிறகு ஒரு சத்தம் வருகிறது, பஞ்சில் பொதிந்த கடிகாரத்தின் சத்தம் போல. கிழவரின் இதயம் என்கிறான் அவன். கொலை முடிந்து, உடலைத் தரைப் பலகைக்கு அடியில் மறைத்து, விசாரிக்க வந்த மூன்று போலீஸ்காரர்களோடு, அதே இடத்தின்மேல் தன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது, கிட்டத்தட்ட அதே வார்த்தைகளோடு அந்தச் சத்தம் திரும்ப வருகிறது. நமக்கு ஏற்கெனவே தெரிந்த சத்தம் என்பதால் போ அதைப் புதிதாக வர்ணிக்க வேண்டியதில்லை.

சிறுகதை பற்றிப் போவுக்குத் தெளிவான கொள்கையே இருந்தது. 1842இல் அமெரிக்க எழுத்தாளர் ஹாத்தார்னின் கதைகளுக்கு எழுதிய மதிப்புரையில், அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஒரே அமர்வில் படித்து முடிக்கிற அளவு இருக்க வேண்டும், எல்லா வரியும் ஒரே விளைவை நோக்கிப் போக வேண்டும் என்கிறார். திகிலுக்கு இது ரொம்பப் பொருந்தும். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மறுநாள் எடுத்தால் பாதிப் பயம் ஆவியாகிவிடும்.

என்னைக் கேட்டால் இந்த வித்தையின் உச்சம் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் எழுதிய 'தி மங்கீஸ் பா'. காய்ந்துபோன ஒரு குரங்குப் பாதம், மூன்று வரம் தரும். கதை ஒயிட் என்ற கிழவர் மகனோடு சதுரங்கம் ஆடுவதில் தொடங்குகிறது. தேவையே இல்லாமல் தன் ராஜாவை ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறவர் அவர். ஆள் எப்படிப்பட்டவர் என்பது அந்த ஒரு ஆட்டத்திலேயே தெரிந்துவிடுகிறது, நாம்தான் அப்போது கவனிப்பதில்லை. பாதத்தைக் கொண்டுவரும் ராணுவக்காரர் எச்சரிக்கவும் செய்கிறார். முதலில் வைத்திருந்தவன் மூன்றாவது வரமாக என்ன கேட்டான் தெரியுமா? சாவு. இதைச் சொல்லிவிட்டு அவர் பாதத்தை நெருப்பில் எறிகிறார், ஒயிட் பாய்ந்து எடுக்கிறார். இனி நல்லது எதுவும் நடக்காது என்று நமக்குத் தெரியும்.

முதல் வரம் இருநூறு பவுண்டு. மறுநாள், மகன் வேலை பார்க்கும் நிறுவனத்திலிருந்து ஓர் ஆள் வந்து வாசலில் தயங்குகிறார். மகன் இயந்திரத்தில் சிக்கி இறந்துவிட்டான். நிறுவனம் ஏதோ நஷ்ட ஈடு தரப்போகிறது. எவ்வளவு என்று கிழவர் கேட்கும் முன்பே தொகை நமக்குத் தெரிந்துவிடுகிறது. வேண்டாம், அந்த எண்ணைச் சொல்லாதே என்று மனசு சொல்கிறது, அவர் சொல்லிவிடுகிறார். திடீர்த் திருப்பம் என்று இதில் எதுவும் இல்லை. தெரிந்தே போய் விழுகிறோம்.

மகனைப் புதைத்து ஒரு வாரம் கழிந்த ஓர் இரவில் மனைவிக்கு யோசனை வருகிறது. இரண்டாவது வரமாக அவனை உயிரோடு கேட்கச் சொல்கிறாள். கிழவர் நடுங்குகிறார். மகனின் உடலைத் துணியை வைத்துத்தான் அடையாளம் கண்டேன் என்று அவளிடம் சொல்கிறார். உடலைப் பற்றிக் கதையில் இருக்கும் தகவல் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ரத்தம், சதை, ஒன்றும் இல்லை. மிச்சத்தை நம் தலைக்குள் வரைய வைத்துவிட்டார் ஜேக்கப்ஸ்.

வரம் கேட்டாகிவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை. மெழுகுவத்தி எரிந்து அணைகிறது. கிழவர் நிம்மதியோடு படுக்கிறார். கடிகாரம் ஓடும் சத்தம், படிக்கட்டில் ஒரு கிறீச், எலி ஓடும் சத்தம். இருட்டு தாங்காமல் வேறு மெழுகுவத்தி எடுக்கக் கீழே இறங்குகிறார், தீக்குச்சி அணைந்துபோகிறது. அடுத்த குச்சியைக் கிழிக்க நிற்கும் அந்த நொடியில், காதில் விழுந்தும் விழாததுமாக, வாசல் கதவில் ஒரு தட்டல். அப்போது அந்த அம்மா சொல்கிற வரிதான் எனக்குக் கதையிலேயே பயங்கரமானது. கல்லறை இரண்டு மைல் தூரத்தில் இருப்பதை மறந்துவிட்டேன், அதனால்தான் இவ்வளவு நேரம் என்கிறாள். வரம் பலிக்கவில்லை என்று நாம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவன் நடந்து வந்துகொண்டிருந்தான்!

அப்புறம் நடப்பது வெறும் தாழ்ப்பாள் விவகாரம். சங்கிலியை எடுக்கிறாள், கீழ்த் தாழ்ப்பாளைத் திறக்கிறாள், மேல் தாழ்ப்பாள் எட்டவில்லை, நாற்காலியை இழுக்கிறாள். மாடியில் கிழவர் தரையில் தவழ்ந்து அந்தப் பாதத்தைத் தேடுகிறார். இரண்டு பேருடைய கைகளில் எது முந்தும் என்பதுதான் கேள்வி. கடைசி நொடியில் பாதம் கிடைக்கிறது, மூன்றாவது வரம் கேட்கிறார். என்ன கேட்டார் என்று கதை சொல்வதில்லை. கதவு திறக்கிறது, தெருவிளக்கு, வெறும் சாலை. வந்தது என்ன என்று யாருமே பார்க்கவில்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்ன எழுத்தாளர் கடைசிப் பார்வையை மட்டும் தரவில்லை. காட்டியிருந்தால் கதை அங்கேயே செத்திருக்கும், ஏனென்றால் எந்த எழுத்தாளர் வரைந்த பிணமும் நாம் கற்பனை செய்ததைவிடச் சாதுவாகத்தான் இருக்கும்.

தகவலைக் கொடுத்துவிட்டு அதன் அர்த்தத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொள்வது இன்னொரு வகை. ஷர்லி ஜாக்சன் 1948இல் எழுதிய 'தி லாட்டரி' அப்படி. ஜூன் 27, வெயிலான காலை, கிராம மக்கள் ஒரு குலுக்கலுக்காகக் கூடுகிறார்கள். தொடக்கத்திலேயே சிறுவர்கள் உருண்டையான கற்களாகப் பொறுக்கிப் பையில் நிரப்புகிறார்கள், ஓரமாகக் குவிக்கிறார்கள். விளையாட்டு என்று தாண்டிப் போய்விடுகிறோம். நடை முழுக்க ஊர்க்கூட்டத்தின் சாதாரணப் பேச்சு. டெஸ்ஸி என்ற பெண் தாமதமாக ஓடிவந்து திருமதி டெலக்ராயோடு சேர்ந்து சிரிக்கிறாள். கரும்புள்ளி வைத்த சீட்டு யாருக்கு விழுகிறதோ அவரை ஊரே கல்லால் அடித்துக் கொல்லும், குலுக்கல் அதற்குத்தான். கடைசியில் அது டெஸ்ஸிக்கு விழும்போது, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அளவுக்குப் பெரிய கல்லை எடுப்பவள் அதே திருமதி டெலக்ராய்தான். டெஸ்ஸியின் சின்ன மகன் கையிலும் யாரோ சில கூழாங்கற்களைக் கொடுக்கிறார்கள். கதை சொல்லும் குரல் ஒரு வரியில்கூட உயர்வதில்லை. இருட்டு, மழை, பாழடைந்த மாளிகை எதுவும் பயத்துக்குக் கட்டாயம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

பாத்திரத்தைவிட வாசகரைச் சில அடி முன்னால் நடக்க விடுவதும் உண்டு. ரோல்ட் டால் எழுதிய 'தி லேண்ட்லேடி'யில் ஓர் இளைஞன் ஒரு பெண்மணி நடத்தும் விடுதியில் தங்க வருகிறான். வருகைப் பதிவேட்டில் இரண்டே பெயர்கள், இரண்டும் பழையவை. கிளியும் நாயும் அசையவில்லை, பதம் செய்து வைத்தவை. தேநீரில் லேசாகக் கசந்த பாதாம் வாடை, சயனைடு விஷத்தின் வாடை. அந்த இளைஞனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை, நமக்கு உறைத்துவிட்டது. கொலையே கதையில் வராது, தேவையும் இல்லை.

பேயா பிரமையா என்று தீர்ப்பு சொல்லாமல் விடும் கதைகள் தனி ரகம். மோப்பசானின் 'ஹோர்லா' (1887) நாட்குறிப்பு வடிவத்தில் இருக்கிறது. எழுதுகிறவனுக்கு நாளை நடப்பது தெரியாது, அதனால் அவன் தப்பிப்பானா என்ற உறுதி நமக்கும் இல்லை. முதல் நாள் குறிப்பில் ஆற்றில் போகும் அழகான பிரேசில் கப்பலுக்கு மகிழ்ச்சியாக வணக்கம் வைக்கிறான். பிறகு அவனை ஆட்டிப்படைக்கும் கண்ணுக்குத் தெரியாத ஜீவன் எதில் ஏறி வந்தது என்பது பல வாரம் கழித்துத்தான் அவனுக்குப் புரிகிறது. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யில் கதை சொல்பவரே ஓர் எழுத்தாளர். வாசலில் வந்த பிச்சைக்காரியை மனைவி வீட்டு வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறாள், சந்தேகம் இவருக்கு மட்டும். புதுமைப்பித்தன் கண்ணை அதிகம் நம்பாமல் மூக்கைப் பிடிக்கிறார். நள்ளிரவில் வீட்டுக்குள் வரும் வாடை பேயைவிட நிஜமாக இருக்கிறது. கேலியும் குதர்க்கமுமாகப் பேசும் ஆள் பயப்படும்போது நமக்கும் நடுக்கம் வருகிறது. ஆரம்பத்திலிருந்தே நடுங்குகிறவன் சொன்னால் நாம் நம்ப மாட்டோம்.

இதையெல்லாம் படித்துவிட்டு எழுத உட்காருகிறவர்கள் 'பயங்கரமான', 'திகிலூட்டும்', 'அமானுஷ்யமான' போன்ற சொற்களை அள்ளி வீசுகிறார்கள். மேலே சொன்ன காட்சிகளில் வேலை செய்வது தாழ்ப்பாள், தீக்குச்சி, கூழாங்கல், தகரப் பிடி. பொருளைச் சொன்னால் போதும், அடைமொழியை வாசகர் போட்டுக்கொள்வார்.

எதிலிருந்து தொடங்கலாம் என்றால், முதலில் ஜேக்கப்ஸ், அடுத்து ஜாக்சன். 'லாட்டரி'யை இரண்டாம் முறையும் படியுங்கள், அந்தக் கற்கள் வரும் இடத்தில் இந்தத் தடவை உங்களால் தாண்டிப் போக முடியாது. போவை மட்டும் வாய்விட்டுப் படிக்கலாம், அவர் வாக்கியங்கள் துண்டு துண்டாக மூச்சு வாங்குவது அப்போதுதான் காதில் விழும்.