ஜெர்மானிய இயக்குநர் மூர்னாவின் மௌனப் படமான 'நோஸ்ஃபெராட்டு'வில் (1922) ரத்தக்காட்டேரி பட்டப்பகலில் நடமாடுவது ஏன்?

நீங்கள் பார்த்த பிரதிதான் காரணம். அன்றைய பிலிமுக்கு ஒளியுணர்வு குறைவு. இரவில் வெளிப்புறப் படப்பிடிப்பு ஏறக்குறைய முடியாத காரியம். அதனால் மூர்னா பகலில் எடுத்தார், திரையரங்குப் பிரதியில் அந்தக் காட்சிகளுக்கு நீலச் சாயம் ஏற்றினார்கள். பிற்காலத்தில் வெறும் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தபோது நீலம் போய்விட்டது; ரத்தக்காட்டேரியான ஓர்லாக் சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு வெயிலில் போகிறான். வெயில் பட்டு அவன் அழிவதுதானே படத்தின் முடிவே! படத்துக்கு மூலமான 'டிராகுலா' நாவலில் இல்லாத இந்த முடிவைப் பின்வந்த காட்டேரிப் படங்கள் பல எடுத்துக்கொண்டன.

சாயமேற்றி மீட்டெடுத்த பிரதியைத் தேடிப் பாருங்கள். வேகமும் முக்கியம்: வினாடிக்குச் சுமார் 18 பிரேமில் ஓட வேண்டியதை 24-இல் ஓட்டினால் பயம் போய்ச் சிரிப்புதான் வரும். ஓர்லாக்கின் கோட்டைக்குப் போகும் குதிரைவண்டியின் தாவல் மட்டும் மூர்னாவே வேண்டுமென்று வேகப்படுத்தியது. அங்கே மரங்கள் வெளுத்துத் தெரிவது, கறுப்பும் வெள்ளையும் இடம்மாறிய நெகட்டிவ் பிம்பத்தையே காட்டியதால்.