குளிர்நாட்டில் தரையில் படுக்கிறார்களே, ஏன்?

கேள்வி: என் மகன் வேலை நிமித்தமாகத் தென் கொரியாவில் இருக்கிறான். தை மாதத்தில் நாங்கள் சியோல் சென்று அவனோடு சில வாரங்கள் தங்கினோம். வெளியே உறைபனி. ஆனால் அவன் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரும் அவர் மனைவியும் கட்டிலே இல்லாத அறையில், தரையில் மெத்தை விரித்துத்தான் படுக்கிறார்கள். தரையில் படுப்பது நம்மைப் போன்ற வெப்பநாட்டுக்காரர்களின் வழக்கம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அந்த அறையில் நீங்கள் செருப்பில்லாமல் நடந்திருப்பீர்கள், தரை வெதுவெதுப்பாக இருந்ததை உங்கள் பாதங்கள் உணர்ந்திருக்கும். விடை அங்கேதான் இருக்கிறது, அம்மா. நமக்குத் தரை என்பது குளிர்ச்சி. அதனால்தான் சித்திரை மாதத்தில் பாயைக்கூட ஒதுக்கிவிட்டு வெறுந்தரையில் படுக்கிறோம். கொரியர்களுக்கோ தரைதான் கணப்பு.

‘ஒண்டோல்’ என்று அவர்கள் அழைக்கும் பழைய அமைப்பில், சமையற்கட்டு படுக்கையறையைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்கும். அங்கே அடுப்பில் எரியும் விறகின் அனலும் புகையும் நேரே மேலே போய்விடாமல், படுக்கையறைத் தரைக்கு அடியில் கட்டப்பட்ட சுரங்கம் போன்ற வழிகளில் நுழைந்து, அவற்றின்மேல் பாவியிருக்கும் கற்பலகைகளைச் சூடேற்றிவிட்டு, மறுபுறத்துப் புகைபோக்கி வழியே வெளியேறும். கல் மெல்லச் சூடேறி மெல்லவே ஆறுவதால், மாலையில் சோறு வடிக்க மூட்டிய தீ, வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 10 பாகை குளிர் அடித்தாலும் விடியும்வரை முதுகுக்கு இதமளிக்கும். கற்களின்மேல் மண் பூசி, அதன்மேல் எண்ணெய் ஏற்றிய தடித்த காகிதத்தை ஒட்டியிருப்பார்கள்.

அடுப்புக்கு மிக அருகில் உள்ள பகுதிக்கு ‘அரேன்மோக்’ என்று பெயர். அறையிலேயே அதிகச் சூடான இடம் அதுதான். வீட்டுப் பெரியவர்களுக்கும் வந்த விருந்தினருக்கும் உரிய இடமும் அதுதான். அந்த இடத்தில் மட்டும் தரைக்காகிதம் பல குளிர்காலங்களின் சூட்டில் பழுப்பேறிக் கிடக்கும். இரவு வெகுநேரம் கழித்து வீடு திரும்பும் மகனுக்காகவோ கணவனுக்காகவோ, மூடிபோட்ட சோற்றுக் கிண்ணத்தை அங்கே போர்வைக்குள் வைத்துவிடுவார்களாம். ஒரு படுக்கையறையின் அமைப்பு எவ்வளவு அன்புக்கு இடம் கொடுக்கிறது என்று எண்ணும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிண்ணம்தான் நினைவுக்கு வரும்.

காலையில் மெத்தையையும் போர்வையையும் மடித்து அலமாரியில் வைத்துவிட்டால், அதே அறையில் தாழ்வான மேசையைப் போட்டுச் சாப்பிடலாம், படிக்கலாம், வந்தவரோடு பேசிக்கொண்டிருக்கலாம். ஆகையால் படுப்பதற்கென்றே தனியறை வேண்டியிருக்கவில்லை. விறகுக்குப் பதிலாகக் கரிக்கட்டிகளை எரிக்கத் தொடங்கிய காலத்தில், தரை விரிசல் வழியே கசிந்த நச்சுவாயுவால் உறக்கத்திலேயே பலர் மாண்டார்கள் என்ற துயரமும் இந்த வரலாற்றில் உண்டு. இன்றைய அடுக்குமாடி வீடுகளில் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய்கள் ஓடுகின்றன. கட்டிலுக்குப் பழகிவிட்டவர்களிலும் சிலர், மின்சாரத்தால் சூடாகும் கற்பலகை பதித்த கட்டிலையே தேடி வாங்குகிறார்கள்.

வட சீனத்தில் இதே அறிவு வேறு வடிவம் கொண்டது. அங்கே தரை முழுவதையும் சூடாக்காமல், அறையின் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு செங்கல்லாலோ மண்ணாலோ கட்டிய ‘காங்’ என்னும் அகலமான மேடைக்குள் அடுப்பின் அனலைச் செலுத்தினார்கள். குடும்பமே அதன்மேல் வரிசையாகப் படுக்கும். பிரான்சின் பிரிட்டனி வட்டாரத்துக் குடியானவர்களோ, ஒரே கூடமாக இருந்த வீட்டில், கதவு வைத்த மர அலமாரி போன்ற கட்டிலுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு, தங்கள் உடற்சூட்டையே சேமித்து உறங்கினார்கள்.

கேள்வி: வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு, மாடியில் மேற்குப் பக்கமாகப் பெரிய கண்ணாடிச் சன்னலோடு படுக்கையறை கட்டினேன். இரவு 11 மணிக்கும் அனலாகக் கொதிக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், வேலூர்

பதில்: அந்தப் படங்களில் உள்ள சன்னல், வெயிலுக்கு ஏங்கும் ஊர்களுக்காக வைக்கப்பட்டது. உங்கள் ஊரில் அது பிற்பகல் வெயிலை நேரே படுக்கைக்கு அழைத்து வருகிறது. கூரையும் தன் பங்கைச் செய்கிறது: பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட், இரவில்தான் அதை அறைக்குள் விடுகிறது, மின்விசிறி அந்தச் சூட்டையே கீழே தள்ளுகிறது.

பாக்தாத்தின் பழைய வீடுகளில் கோடைக்கு ஒரே படுக்கையறை என்பது இல்லை. பகல் உறக்கத்துக்கு ‘சர்தாப்’ என்னும் நிலவறை. கூரைமேல் எழுப்பிய காற்றுக்கூண்டு அதற்குள் காற்றை இறக்கும். இரவில் குடும்பம் முழுவதும், உயரமான கைப்பிடிச் சுவர் சூழ்ந்த மொட்டைமாடிக்கு ஏறிவிடும். வறண்ட காற்றும் மேகமில்லாத வானமும் கூடும்போது இரவில் மாடி விரைவாகக் குளிர்ந்துவிடும். ஈரக்காற்று தேங்கும் கடலோரத்தில் அந்த அளவு குளிர்ச்சி கிடைக்காது. உங்கள் ஊரில் கோடை இரவுகளில் ஓரளவு கிடைக்கும்.

நீங்கள் முதலில் சன்னலுக்கு வெளிப்புறத்தில் மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ கட்டுங்கள். உட்புறத் திரையால் பயன் குறைவு, ஏனென்றால் வெயில் அதற்குள் கண்ணாடியைக் கடந்து வந்திருக்கும். மொட்டைமாடியில் வெள்ளைச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெண்ணிற ஓடோ போடுங்கள். கனமான நுரைமெத்தையைக் கோடையில் எடுத்துவிட்டுக் கயிற்றுக் கட்டிலுக்கு மாறினால் அடியிலிருந்தும் காற்று வரும். சித்திரை, வைகாசியில் மட்டுமாவது படுக்கையைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற முடிந்தால் தயங்காமல் மாற்றுங்கள்.

கேள்வி: வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பது நம்மிடம் மட்டும்தான் உண்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஜப்பானியரிடமும் உண்டு. புத்தர் வடக்கே தலைவைத்துப் பரிநிர்வாணம் அடைந்தார் என்பதால் இறந்தவரை அவ்வாறு கிடத்துவார்கள். உயிரோடிருப்பவர்கள் அதைத் தவிர்ப்பார்கள். பூமியின் காந்த விசையைக் காரணமாகச் சொல்வதற்கு உறுதியான சான்று கிடையாது. உங்கள் அறையின் சன்னல் தெற்கே இருந்தால் கட்டிலின் தலைமாட்டை அந்தப் பக்கமே போடுங்கள். வழக்கமும் மீறப்படாது, தென்றலும் முகத்தில் படும்.