செல்போனும் நுண்ணலையும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கே: பக்கத்து அறையில் இருக்கும் தம்பிக்கு போன் செய்தால், அலை நேராக அவன் போனுக்குத்தானே போகிறது?

ப: இல்லைங்க. உங்கள் போன் டவரோடு மட்டும்தான் பேசும். குரல் எண்களாக மாறி, நுண்ணலையில் (மைக்ரோவேவ்) ஏறி, டவருக்குப் போகிறது. அங்கிருந்து கண்ணாடி இழைக் கேபிள் வழியாகவோ, டவருக்கு டவர் நுண்ணலையாகவோ நிறுவனத்தின் மையத்துக்கு. தம்பி எந்த டவரின் எல்லையில் இருக்கிறார் என்று பார்த்து, அந்த டவர் மறுபடி அலையாக அனுப்புகிறது. இருவரும் ஒரே டவரில் இருந்தாலும் இதே சுற்றுதான்.

கே: டவரில் முரசு போல வட்டமாக இருப்பது என்ன?

ப: ஒரு டவர் இன்னொரு டவரோடு பேசும் நுண்ணலை ஆன்டெனா. கேபிள் போகாத இடங்களில் அதுதான் இணைப்பு. நம் போனோடு பேசுபவை நீளமான பெட்டிகள்.

கே: மைக்ரோவேவ் அடுப்பிலும் இதே அலைதானாமே? மூளை சூடாகாதா?

ப: அலை ஒரே வகைதான். அது அதிரும் வேகம் அடுப்பில் 2450 மெகாஹெர்ட்ஸ். நம் ஊர் 4ஜி 1800, 2300 மெகாஹெர்ட்ஸிலும் ஓடுகிறது. ஆனால் அடுப்பு 700 வாட்டுக்கும் மேலான சக்தியை உலோகப் பெட்டிக்குள் அடைக்கிறது. 4ஜி போனின் உச்சமே சுமார் 0.2 வாட். காதில் படும் சூடு பெரும்பாலும் பேட்டரியும் சிப்பும் தருவது. எக்ஸ்ரே போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் ஆற்றலும் இந்த அலைக்குக் கிடையாது.

கே: சிக்னல் குறைந்த இடத்தில் சார்ஜ் வேகமாக இறங்குவது ஏன்?

ப: எல்லோரும் கவனிக்க வேண்டிய விஷயம் இது. போன் எப்போதும் ஒரே சக்தியில் அலை அனுப்புவதில்லை. 'கூட்டு, குறை' என்று டவர் ஓயாமல் கட்டளை இடுகிறது. சிக்னல் நன்றாக இருந்தால் உச்சத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் போதும். லிஃப்ட், அடித்தளம், ஓடும் ரயில் இங்கெல்லாம் தூரத்தில் நிற்பவரைக் கூப்பிடுவது போல போன் கத்த வேண்டியிருக்கிறது. சார்ஜும் போகும், தலைக்கு அருகே அலையும் கூடும். அங்கே நீண்ட பேச்சு வேண்டாம். அவசரமென்றால் ஸ்பீக்கரிலோ இயர்போனிலோ பேசுங்கள்.

கே: அப்போ தெருவில் டவர் வேண்டாம் என்று போராடுவது?

ப: பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் டவர் தள்ளிப் போனால், நம் காதோரம் இருக்கும் போன்தான் சக்தியைக் கூட்டும். டவர் அலைக்கு இந்தியா 2012-ல் வைத்த வரம்பு, சர்வதேச வழிகாட்டு அளவில் பத்தில் ஒன்று. டவரை விரட்டுவதைவிட அது வரம்புக்குள் இருக்கிறதா என்று அளந்து காட்டச் சொல்லிக் கேட்பதே சரி.