இரண்டு ஏசி, எகிறும் கோடை பில்: சர்வீஸ் முதலிலா, சோலார் முதலிலா?

சென்னைப் பக்கம் தனி வீடு, ஒன்றரை டன் ஏசி இரண்டு, ஏப்ரல் மே பில்லில் ஆயிரம் யூனிட்டுக்கு மேல், பேசாமல் சோலார் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம். ஆனால் முதலில் ஏசியைச் சரிசெய்யுங்கள். எத்தனை கிலோவாட் வேண்டும் என்று சோலார்காரர் உங்கள் போன கோடை பில்லைப் பார்த்துத்தான் சொல்வார். அழுக்கடைந்த ஏசி வீணாக இழுத்த யூனிட்டுக்கும் சேர்த்துப் பேனல் வாங்க வேண்டிவரும்.

ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே கழுவலாம். சர்வீஸ் என்பது அதற்கு அப்பால். உள் யூனிட்டில் காற்றைக் குளிர்விக்கும் காயிலுக்குப் பின்னால் இருக்கும் உருளை பிளோயரில் டார்ச் அடித்துப் பாருங்கள். அதன் இதழ்களில் கறுப்பாகத் தூசி அப்பியிருந்தால் காற்று பாதிதான் வரும். சர்வீஸ்காரர் எம்சிபி சுவிட்சை அணைத்து, ஏசியின் சர்க்யூட் போர்டை பிளாஸ்டிக் தாளால் மூடி, கீழே பை கட்டி, பம்பால் அடித்துக் கழுவ வேண்டும். துணியால் துடைத்துவிட்டுக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஆசிட் கலந்த திரவத்தை அடிக்கவும் விடாதீர்கள். காயில் அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும், அலுமினியத் தகடுகள் சீக்கிரமே பொடிந்துவிடும். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, ஆசிட் வேறு எதற்கு?

காயிலுக்கு அடியில் தண்ணீர் சேரும் டிரேயில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். குழாய் வழியே தடையில்லாமல் வெளியே கொட்ட வேண்டும். சுவரில் தண்ணீர் வழிகிறது என்றால் பெரும்பாலும் குழாயில் வழவழப்பாகப் பாசி அடைத்திருக்கும், அல்லது குழாயின் முனை பக்கெட் தண்ணீரில் முங்கிக் காற்று அடைத்திருக்கும்.

வெளி யூனிட்டை உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் தூசி தகடுகளுக்குள் இறுகிப்போகும். காயில் அடைத்திருந்தால் வெப்பம் வெளியேறாமல் கம்ப்ரஸர் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். கம்ப்ரஸர் ஒரே வேகத்தில் ஓடும், இன்வெர்ட்டர் வகை அல்லாத பழைய ஏசி என்றால் கம்ப்ரஸரைக் கிளப்ப உதவும் கப்பாசிட்டரையும் மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். மேலே 50 மைக்ரோஃபாரட் என்று போட்டிருந்து 44 காட்டினால் மாற்றிவிட வேண்டியதுதான். தலை உப்பியிருந்தால் அளக்கவே வேண்டாம்.

இனி கேஸ். "கேஸ் கம்மியா இருக்கு சார், டாப்அப் பண்ணிடலாம்" என்று வருஷாவருஷம் சொல்வார்கள். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோவதில்லை. மூடிய சுற்றுக்குள் ஓடுவது, குறைந்தால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் பைப்பை இணைக்கும் ஃபிளேர் நட்டில், இல்லாவிட்டால் காயிலில் ஊசித்துளை. நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை வைத்துக் கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வாக்குவம் பம்பை அரை மணி நேரம் ஓட்டிய பிறகுதான் கேஸ். அதுவும் வெளி யூனிட் தகட்டில் போட்டிருக்கும் கிராம் கணக்குக்குத் தராசில் எடைபோட்டு. இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரஸர் வேகத்தைப் பொறுத்துப் பிரஷர் மாறிக்கொண்டே இருக்கும், பிரஷர் கேஜைப் பார்த்து அடிப்பது குருட்டு வேலை. புது ஏசிகளில் வரும் ஆர்32 கேஸ் தீப்பிடிக்கக்கூடியது. வாக்குவம் பிடிக்காமல் கேஸை விட்டே காற்றைத் தள்ளுவது ஆபத்து.

"எங்கள் வீட்டில் வருஷம் ஒருமுறை கேஸ் போட்டால்தான் குளிர்கிறது" என்று யாராவது கீழே எழுதக்கூடும். அவர்கள் வீட்டில் வருஷம் முழுக்கக் கசிகிறது என்றுதான் அர்த்தம். சந்தேகம் இருந்தால் கழுவி முடித்த ஏசியை 18-இல் வைத்து, கால் மணி நேரம் கழித்து உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் தெர்மாமீட்டரில் பாருங்கள். 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் கேஸைத் தொடவே விடாதீர்கள். பைப்பில் ஐஸ் கட்டினாலும் உடனே கேஸ் என்று முடிவுகட்ட வேண்டாம், அடைத்த ஃபில்டரும் அதையே செய்யும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு வீடு கட்டிக்கொடுக்கிறவர்கள் வெளி யூனிட்டுக்கு ஆள் நிற்க ஒரு திட்டு விடுவதில்லை. மூன்றாவது மாடியில் ஒரு பையன் பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் ஜன்னல் சன்ஷேடில் குந்தி நட்டு முடுக்குகிறான். இதைப் பார்த்தும் பேசாமல் இருக்க முடியவில்லை. பெல்ட் இல்லாமல் வந்தால் வெளி யூனிட் வேலையை அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் மொட்டை மாடியிலோ பால்கனியிலோ இடம் ஒதுக்குங்கள்.

சோலாருக்கு வருவோம். கோடை இரவில் ஒன்றரை டன் ஏசி எட்டு மணி நேரம் ஓடினால் 6 முதல் 8 யூனிட். ஒரே ஏசி இரண்டு மாதத்தில் 400 யூனிட்டைத் தொட்டுவிடும். நம்மூர் மின்கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500-ஐத் தாண்டினால் அடிமட்ட யூனிட்டுகளுக்கான குறைந்த விலையும் போய், மேல் யூனிட்டுகள் எட்டு ரூபாய்க்கு மேல் விழும், ஆயிரத்தைத் தாண்டினால் பதினொன்றுக்கு மேல். ஒரு கிலோவாட் பேனல் நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் ஓடும் வீட்டுக்கு 3 கிலோவாட் போட்டால் பில் 300 யூனிட் பக்கம் வரும். சர்வீஸ் செய்து, 26 டிகிரியில் ஃபேனோடு ஓட்டி 800-க்குக் கொண்டுவந்துவிட்டால் 2 கிலோவாட்டே அந்த இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஏசி ராத்திரிதானே ஓடுகிறது என்று பேட்டரி வாங்க வேண்டியதில்லை. பகலில் ஈபிக்குப் போனதை இருவழி மீட்டர் கழித்துக்கொள்ளும்.

ஆனால் ஈபி லைனோடு இணைந்த, பேட்டரி இல்லாத ஆன்கிரிட் சோலார் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும், உச்சி வெயிலானாலும் சரி. கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. பவர்கட்டுக்காகச் சோலார் போடுகிறவர்களிடம் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் பிஎம் சூர்யகர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் ரூ.78,000 மானியம். முழுத்தொகையையும் நீங்கள் முதலில் புரட்ட வேண்டும், மானியம் பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். உள்நாட்டு செல்லில் செய்த பேனலுக்கு மட்டுமே கிடைக்கும் என்பதால் கொட்டேஷனில் டிசிஆர் (உள்நாட்டுத் தயாரிப்பு விதிக்கு உட்பட்டது) என்று எழுதி வாங்குங்கள்.

கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். காலை ஒன்பதுக்கும் மாலை நாலுக்கும் மாடியில் நின்று தண்ணீர் டேங்க், மாடிப்படி அறை இவற்றின் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். அதையும் டிசம்பரில் பார்ப்பது நல்லது, அப்போதுதான் நிழல் நீளம். ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசையின் உற்பத்தி அடிபடும். தெற்குப் பார்த்து 10 முதல் 15 டிகிரி சாய்வு போதும். ஸ்டாண்டுக்காகத் தட்டோட்டைத் துளைத்தால் மழைக்காலத்தில் ஒழுகும். கான்கிரீட் பீடம் கட்டி அதில் போல்ட் போடச் சொல்லுங்கள், புயல் காற்றுக்கும் தாங்கும் கனத்தில். பேனல் பக்கத்து டிசி மின்சாரம், வீட்டுப் பக்கத்து ஏசி மின்சாரம், இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் வேண்டும்.

மே மாதம் உற்பத்தி எகிறும் என்று எதிர்பார்க்காதீர்கள். சூடு ஒரு டிகிரி ஏறினால் பேனல் திறன் சுமார் 0.3 சதவீதம் இறங்கும், நண்பகலில் பேனல் 60 டிகிரியைத் தாண்டும். பேனல் கழுவுவதை விடிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றக் கூடாது. போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் வெள்ளையாகப் படிந்துவிடும், நல்ல தண்ணீரும் மெல்லிய துடைப்பானும் போதும்.

கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் பேனல் சீரியல் நம்பர் பட்டியல், சோலார் இன்வெர்ட்டரின் வாரன்டி கார்டு, எர்த் எத்தனை ஓம் என்ற அளவு மூன்றையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.